கான்வி கோட்டைக்குக் கூரை போடலாமா என்று கேட்ட மகளுக்கு

அன்புள்ள கயலுக்கு,

நீ வேலை பழகும் வேல்ஸ் நாட்டுக் கான்வி கோட்டையைப் பற்றி எழுதியதை அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். "எட்டுக் கோபுரமும் அப்படியே நிற்கிறது, உள்ளே பெரும்பாலும் தளமே இல்லை, கணப்பு மாடங்கள் அந்தரத்தில் தொங்குகின்றன. மரமும் ஈயமும் கிடைக்காத பொருளா? கூரையைப் போட்டுவிட வேண்டியதுதானே அப்பா?" என்று கேட்டிருக்கிறாய். இத்தனை வருடம் கட்டட வேலையில் கிடந்தவனிடம் கேட்டுவிட்டாய், கொஞ்சம் நீளமாகத்தான் பதில் வரும்.

கூரை எப்படிப் போனது என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் வேல்ஸை வென்று, 1283இல் தொடங்கி 1287க்குள் கோட்டையையும் ஊரைச் சுற்றி 21 கோபுரங்களோடு மதிலையும் எழுப்பிவிட்டார். செலவு சுமார் 15,000 பவுன். ஆனால் கடலோர ஈரத்தில் மரம் எத்தனை நாள் தாங்கும்? அறுபது வருடத்துக்குள் பெரிய மண்டபத்தின் கூரை உளுத்துப்போய், 1340களில் 'கருப்பு இளவரசர்' என்ற இங்கிலாந்து இளவரசர் காலத்தில் அதைத் தாங்கக் கல் வளைவுகள் கட்ட வேண்டியிருந்தது. அதில் மிச்சம் நிற்பதைத்தான் நீ படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அப்புறம் இங்கிலாந்து அரசருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போர். அதன்பின் 1655இல் கோட்டையைப் பயன்படாமல் செய்ய உத்தரவு, 1665இல் உரிமையாளரே கூரையின் ஈயத்தகட்டையும் இரும்பையும் கழற்றி எடுத்தது. ஈயம் போன அன்றே மழை உள்ளே வந்துவிட்டது. தளங்கள் போனது அதற்குப் பிறகுதான்.

இப்போது நீ கூரை போடுகிறாய் என்று வைத்துக்கொள். எந்தக் கூரை? 1287இன் மரக்கூரையா, 1340களின் வளைவுக் கூரையா? முதலாவதைப் போட்டால் அந்த வளைவை எடுக்க வேண்டும். இரண்டாவதைப் போட்டால் விழுந்துபோன வளைவுகளையெல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும். எதைச் செய்தாலும் பழைய கொத்தன் ஒருவனின் வேலை மறைந்துபோகும். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

வெளிச்சுவரில் சாரக்குழிகளை, அதாவது சாரக்கட்டையைச் செருகிய துளைகளைக் கவனித்தாயா? நம் ஊரில் சாரம் மட்டமாகக் கட்டுவோம். அங்கே குழிகள் கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக ஏறுகின்றன. கல்லை இழுத்துக்கொண்டு ஏறும் பாதையாகவே சாரத்தைக் கட்டியிருக்கிறார்கள். ஆல்ப்ஸ் பக்கம் சவாய் நாட்டில் இருந்த பழக்கம் அது. தலைமை மேஸ்திரி செயின்ட் ஜார்ஜ் ஜேம்ஸும் அவர் ஆட்களும் எங்கிருந்து வந்தார்கள் என்பதை வரலாற்றாய்வாளர் ஆர்னால்ட் டெய்லர் தேடித் துலக்கியபோது இதுபோன்ற தடயங்கள்தான் கைகொடுத்தன. அந்தச் சுவர் ஒரு காலத்தில் வெள்ளையடிக்கப்பட்டுப் பளபளவென்று இருந்தது. 'பழையபடி' ஆக்குகிறோம் என்று யாராவது குழிகளை அடைத்துப் பூசியிருந்தால் இன்று நமக்கு என்ன தெரிந்திருக்கும்?

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கோட்டை வேல்ஸ் மக்கள் தலையில் வைக்கப்பட்டது. அபர்கான்வி கிறிஸ்தவத் துறவி மடத்தை, அவர்களுடைய பெரிய அரசர் லெவலின் அடக்கமான இடத்தை, அங்கிருந்து கிளப்பிவிட்டுத்தான் எட்வர்ட் கட்டினார். ஜெயித்தவனின் மண்டபத்தை மறுபடி மெருகேற்றி நிறுத்துவது அந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசி. நீ அங்கே படிக்க வந்த பெண், இந்த நினைப்பு உனக்கு எப்போதும் இருக்க வேண்டும்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொல்லவில்லை. ரொட்டி சுடும் கூடத்துக் கோபுரத்தின் ஒரு பக்கம் இடிந்து கிடந்ததை, 1865இல் கோட்டை ஊர்ப் பொறுப்புக்கு வந்த பிறகு எடுத்துக் கட்டினார்கள். எனக்கு அது சரியென்றே படுகிறது. கோபுரம் நிற்க வேண்டுமே. நிற்பதற்குத் தேவையானதைச் செய்யலாம், அழகுக்காகச் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கணக்கு.

அதனால், நாள் முழுக்கக் கல் இணைப்புகளைச் சுரண்டிச் சாந்து அடைப்பதுதான் வேலையா என்று நீ அலுத்துக்கொள்ளாதே கண்ணு. அந்தச் சுவரைக் காப்பது அந்த வேலைதான். சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமெண்ட் வைத்தால் ஈரம் கல் வழியாகத்தான் வெளியேற வேண்டும். கடல் காற்றின் உப்பு கல்லுக்குள் பூத்து, முகம் செதில் செதிலாக உதிரும். பனிக்காலத்தில் உள்ளே தேங்கிய தண்ணீர் உறைந்தால் கேட்கவே வேண்டாம். சாந்து எப்போதும் கல்லைவிட மெத்தென்று இருக்க வேண்டும், தேய்வது சாந்தாக இருக்கட்டும். அதை மறுபடி வைத்துக்கொள்ளலாம், அந்தக் கல் திரும்ப வராது.

உறைபனி வருமென்றால் சுண்ணாம்பு வேலையைத் தொடாதே, மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் சரி. வைத்த இணைப்பை ஈரக் கோணியால் மூடி வை. வெயிலும் காற்றும் சீக்கிரம் காயவைத்தால் பொடிந்துவிடும்.

அங்கே என்ன மணல் போடுகிறார்கள், கலவை என்ன விகிதம் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். கையுறை போட்டுக்கொண்டு வேலை செய், சுண்ணாம்பு தோலைத் தின்றுவிடும். அம்மா உன் கையைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா