எல்லையை நடந்து பார்த்துப் பதிய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வட்டார எல்லைகள் பற்றி அண்மையில் உங்கள் பத்திரிகையில் வந்த கடிதங்களை எல்லாம் வாசித்தேன். அமெரிக்கா மாதிரி அடிமட்டம் வைத்து நேர்கோடு கீறி ஊர்களைப் பிரித்திருந்தால் எங்களுக்கு இந்த இழுபறியே வந்திராது என்று ஒருவர் எழுதியிருந்தார். இப்படிச் சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். காணிக் கிளையில் வேலை செய்த காலத்திலிருந்து எல்லை விஷயங்களைத் தேடித் தேடி வாசிக்கிறவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதல் விஷயம், அமெரிக்காவில் நேர்கோடு பிறகு வந்தது. 1634 இல் வேர்ஜீனியாவை எட்டாகப் பிரித்தபோது அந்தப் பிரிவுகளுக்கு ஆறும் குடாவும்தான் எல்லை, ஏனென்றால் சனம் இருந்தது ஆற்றங்கரைகளில். பிரித்த காரணமும் எளிமையானது. வழக்குப் பேச, வரி கட்ட, ஊர்க்காவல் படைக்கு ஆள் சேர்க்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அந்த இடத்துக்குச் சனம் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும். இதைத்தான் கவுண்டி என்றார்கள். குடியேற்றம் மேற்கே போகப் போகக் கவுண்டியின் மேற்குப் பக்கத்தை மூடாமலே விட்டார்கள். 1738 இல் உருவாக்கிய ஒகஸ்டா கவுண்டி, கடதாசியில் மிசிசிப்பி ஆறு வரைக்கும் போனது. பிறகு தூரத்தில் இருந்தவர்கள் நீதிமன்றம் எட்டாத தூரம் என்று சட்டசபைக்கு மனுப் போட, அதிலிருந்து ஒன்றைப் பிரித்தார்கள், அதிலிருந்து இன்னொன்றை. பழைய காணி உறுதிகளும் (பத்திரங்களும்) வழக்கு ஏடுகளும் தாய்க் கவுண்டியிலேயே தங்கிவிடும். அதனால் தன் பூட்டனின் காணியைத் தேடும் அமெரிக்கர் இன்றைக்கும் முதலில் கேட்கிற கேள்வி, அந்த வருஷம் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதுதான். பெயரை நம்பிப் போகவும் முடியாது. மாசச்சூசெட்ஸில் 1643 இல் முதலில் வகுத்த நான்கு கவுண்டிகளில் நோர்ஃபோக் என்று ஒன்று இருந்தது, அது வடக்கே மெரிமாக் ஆற்றுப் பக்கம். இப்போது அதே பெயரில் இருப்பது 1793 இல் பொஸ்டனுக்குத் தெற்கே உருவாக்கியது. இரண்டுக்கும் ஓர் அடி நிலம் கூடப் பொதுவில்லை.

மாசச்சூசெட்ஸ் பக்கம் கவுண்டியை விட ஊருக்குத்தான் அதிகாரம் கூட. அங்கே ஊர் எப்படிப் பிரிந்தது என்பதற்கு எங்களுக்கு நெருக்கமான ஓர் உதாரணமே இருக்கிறது. 1816 இல் அமெரிக்க மிசன் ஊழியராக யாழ்ப்பாணம் வந்து, தெல்லிப்பழையில் வேலை தொடங்கி, 1823 இல் வட்டுக்கோட்டை செமினரியை ஆரம்பித்த டானியல் பூவர் ஐயரை எங்கள் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. அவர் பிறந்த ஊர் டான்வேர்ஸ். அந்த ஊர் முன்பு சேலம் என்ற துறைமுக ஊரின் ஒரு பகுதி, சேலம் கிராமம் என்று பெயர். தோட்டம் செய்கிற சனம் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு மைல் கணக்கில் நடந்து துறைமுகத்துக்குப் போக வேண்டியிருந்தது, இரவுக் காவலுக்கும் அங்கேதான் போக வேண்டும். பல வருஷம் முறைப்பட்டு 1672 இல் தங்களுக்கென்று ஒரு வழிபாட்டுக் கூடம் வைக்க அனுமதி வாங்கினார்கள். அதாவது முதலில் கிடைத்தது ஒரு கோவிற்பற்று, ஒரு வழிபாட்டுக் கூடத்தைச் சேர்ந்த ஊர்ப் பிரிவு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எங்கள் ஊர்களைக் கோவிற்பற்றுகளாக வைத்துத் தோம்பு என்ற காணிப் பதிவேடு எழுதியதை அறிந்தவர்களுக்கு இது புதுமையாக இராது. அதற்குப் பிறகு 80 வருஷம் கழித்து, 1752 இல்தான் டான்வேர்ஸ் தனி மாவட்டமானது. ஊருக்குரிய மற்ற உரிமைகள் எல்லாம் உண்டு, சட்டசபைக்குப் பிரதிநிதி அனுப்பும் உரிமை மட்டும் இல்லை, ஏனென்றால் குடியேற்றங்களில் பிரதிநிதிகள் கூடுவதை இங்கிலாந்து அரசு விரும்பவில்லை. 1757 இல் முழு ஊராக்கினார்கள். 1759 இல் அரசர் அந்தச் சட்டத்தை மறுத்துவிட்டார். ஊர்க்காரர் அதைக் கணக்கெடுக்காமல் தங்கள் பாட்டில் ஊராகவே நடத்தினார்கள், பின்னாளில் ‘அரசருக்குச் சம்மதமில்லை’ என்ற வசனத்தையே ஊர் முத்திரையிலும் பொறித்து வைத்தார்கள்.

எல்லை தெளிவில்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் அதே ஊர் காட்டுகிறது. சேலம் கிராமத்துக்கும் பக்கத்து டொப்ஸ்ஃபீல்டுக்கும் இடையில் எந்தக் காணி எந்த ஊர் என்று பல வருஷம் இழுபறி இருந்தது, பட்னம் என்ற குடும்பம் ஒரு பக்கம், ரெபேக்கா நேர்ஸ் என்ற பெண்ணின் பிறந்த வீட்டார் மறுபக்கம். 1692 இல் அங்கே சூனிய வழக்குகள் கிளம்பியபோது 70 வயது கடந்த அந்த மனுஷியைக் குற்றம் சாட்டியவர்களில் பட்னம் குடும்பத்தார் இருந்தார்கள். அவரைத் தூக்கிலிட்டார்கள். எல்லைச் சண்டை ஒன்றுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பகையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு என்று வரலாற்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். வேலிச் சண்டையில் மூன்று தலைமுறை முகம் பாராமல் இருக்கிற குடும்பங்களை அறிந்த எங்களுக்கு இது விளங்கும்.

இப்படியான சண்டைகளுக்கு அந்தச் சனம் கண்ட வழிதான் நான் இந்தக் கடிதம் எழுதுவதற்கே காரணம். 1640களிலேயே மாசச்சூசெட்ஸில் சட்டம் வந்துவிட்டது. மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு ஊர்க்காரரும் சேர்ந்து தங்கள் பொது எல்லையை நடந்து பார்க்க வேண்டும். எது மூத்த ஊரோ அது நாள் குறித்து மற்ற ஊருக்கு அறிவிக்க வேண்டும். கல் குவித்த அடையாளங்கள் இருக்கிறதா, சரிந்துவிட்டதா என்று பார்த்து, திருத்தி, இரண்டு பக்கமும் எழுதி வைக்க வேண்டும். அந்தச் சட்டம் இன்னும் நீக்கப்படவில்லை, மாசச்சூசெட்ஸில் இப்போது ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, பக்கத்து நியூ ஹாம்ப்ஷயரில் ஏழு வருஷத்துக்கு ஒரு தடவை. செய்மதிப் படம் இருக்கிற காலத்திலும் சட்டப் புத்தகத்தில் இந்த நடை இருக்கிறது.

தனியார் காணிகளும் அப்படித்தான். ஓக் மரத்தில் தொடங்கி, ஓடை வரை இத்தனை சங்கிலி, அங்கிருந்து இன்னாருடைய காணி மூலைக்கு என்று எழுதுவார்கள். எங்கள் உறுதிகளில் கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் காணி, மேற்கு வாய்க்கால் என்று எல்லை சொல்லி, கிணற்றிலே பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும் சேர்த்து எழுதுவதோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல இருக்கும். அளவும் ஒன்றுதான். அவர்களுடைய சங்கிலி 66 அடி, அதாவது கிரிக்கெட் பிட்ச்சின் 22 யார், பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், எங்கள் கணக்கில் 16 பரப்பு.

சரி, நேர்கோட்டுக்கு வருவோம். புரட்சிப் போர் முடிந்து கடனில் இருந்த புதிய அரசு, ஒஹையோ ஆற்றுக்கு அப்பால் காணி விற்றுக் கடன் அடைக்க நினைத்தது. 1785 மே 20 இல் ஒரு சட்டம் போட்டார்கள். ஆறு மைலுக்கு ஆறு மைல் ஒரு டவுன்ஷிப், அதற்குள் 36 துண்டுகள், துண்டு ஒன்று 640 ஏக்கர், அதாவது 10,240 பரப்பு. அதில் 16 ஆவது துண்டு பள்ளிக்கூடத்துக்கு என்று ஒதுக்கி வைத்தது மிக நல்ல காரியம். எங்கள் யாழ் மாவட்டம் முழுவதும் சேர்ந்து 1,025 சதுர கிலோமீற்றர், அந்தக் கணக்கில் 11 டவுன்ஷிப் அளவுதான் வரும். தோமஸ் ஹட்சின்ஸ் என்பவர் 1785 செப்டெம்பர் 30 இல் பென்சில்வேனியா எல்லையும் ஒஹையோ ஆறும் சந்திக்கும் இடத்தில் வேலையைத் தொடங்கினார். சில மைல் போனதும் பழங்குடிகள் தாக்குவார்கள் என்ற பயத்தில் நிறுத்திவிட்டு, அடுத்த வருஷம் இராணுவக் காவலோடு திரும்பி வந்தார்கள். ஷோனி, டெலவெயர், வயண்டொட் மக்கள் வாழ்ந்த மண் அது. வெறுந்தரை போல நேர்கோடு இழுக்க முடிந்ததன் காரணம், அங்கே ஏற்கெனவே இருந்தவர்களின் பாதைகளையும் எல்லைகளையும் கணக்கில் எடுக்காததுதான். இதை மறந்துவிட்டு அந்தக் கோட்டின் நேர்த்தியை மட்டும் புகழ்வதை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த எங்களால் எப்படி ஏற்றுக்கொள்ள முடியும்?

அந்தக் கோடும் முழுக்க நேராக வரவில்லை. பூமி உருண்டை, வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும், ஆகவே சதுரம் சதுரமாக வராது, இடையிடையே திருத்தக் கோடு போட வேண்டி வந்தது. அளப்பவருக்கு மைலுக்கு இரண்டு டொலர், அதற்குள் சங்கிலி பிடிப்பவன் கூலியும் அடக்கம். சதுப்பும் காடுமான இடத்தில் அந்தக் காசுக்கு எப்படி அளந்திருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். பிழைகள் மலிந்தன. கடைசியில் 1805 இல் சட்டமே போட்டார்கள், முதல் அளந்தவர் நிலத்தில் நட்ட மூலைதான் மூலை, அளவு பிழையாக இருந்தாலும் அதை மாற்ற முடியாது என்று. அதாவது நேர்கோட்டுக்காரர்களே கடதாசியை விட நிலத்தில் இருக்கும் அடையாளத்தைத்தான் பெரிதாக எடுத்தார்கள். பின்னர் அயோவா போன்ற இடங்களில் நான்குக்கு நான்காகப் 16 டவுன்ஷிப்புகளைச் சேர்த்து ஒரு கவுண்டி என்று வகுத்தபோதும் அடியில் இருந்தது இந்த மூலைகள்தான்.

அந்த மூலையைக் காப்பாற்ற அவர்கள் செய்ததுதான் எனக்கு மிகப் பிடித்தது. மூலையில் ஒரு கட்டை நடுவார்கள். கட்டை உக்கிவிடும் என்று தெரியும், அதனால் பக்கத்து மரங்களில் வெட்டி அடையாளம் போட்டு, என்ன மரம், எவ்வளவு பருமன், கட்டையிலிருந்து எந்தத் திசையில் எத்தனை இணைப்பு (சங்கிலியின் நூறில் ஒரு பங்கு) தூரம் என்று கள ஏட்டில் எழுதுவார்கள். கட்டை போனாலும் மரம் சொல்லும். மரம் போனாலும் ஏடு சொல்லும். இதைச் சரியாகத் தொடராத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு வட, தென் கரோலினாக்களின் எல்லையைப் பார்க்கலாம். 18 ஆம் நூற்றாண்டில் மரங்களில் வெட்டிக் குறித்த கோடு, மரங்கள் அழிந்து, பலவருஷம் திரும்ப அளந்து, 2017 ஜனவரி 1 இல் சரிப்படுத்தியபோது சில குடும்பங்கள் வீட்டை விட்டு அசையாமலே வேறு மாநிலத்துக்காரர் ஆகிவிட்டார்கள்.

வலிகாமம் வடக்கில் இராணுவத்தின் பிடியிலிருந்த காணிகளை விடுவித்தபோது திரும்பிப் போனவர்களுக்கு நான் சொல்வது உடனே புரியும். வேலி இல்லை, கதியால் இல்லை, ஒழுங்கை எது வளவு எது என்று தெரியாமல் பற்றை. சனம் முதலில் தேடியது கிணற்றை. கிணற்றுக்கட்டைக் கண்ட பிறகு, அங்கிருந்து இத்தனை பாகம் வீட்டு மூலை, அதற்கு நேரே பூவரச வேலி என்று வயது போனவர்கள் சொல்லச் சொல்லக் கயிறு பிடித்தார்கள். கிணற்றிலிருந்து நான்கு மூலைக்கும் உள்ள தூரம் ஒரு வரியாவது உறுதியில் இருந்திருந்தால் எத்தனை பேருடைய கண்ணீரும் வழக்குச் செலவும் மிச்சமாகியிருக்கும்! அந்த வயது போனவர்களும் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஊர் எல்லையும் அதே நிலைதான். மாவட்டத்தில் 435 கிராம அலுவலர் பிரிவுகள், 17 உள்ளூராட்சி சபைகள், 2018 தேர்தலுக்கு முன்னர் புதிதாக வகுத்த வட்டாரங்கள் வேறு. எனக்குத் தெரிந்த ஓர் ஒழுங்கை இரண்டு சபைகளின் நடுவே போகிறது. வெள்ள வாய்க்கால் ஒரு பக்கம், மதகு மறுபக்கம். மதகு அடைத்து மூன்று வீட்டு முற்றத்தில் தண்ணீர் நின்றபோது ஒரு சபை மதகு எங்களுடையதில்லை என்றது, மற்றது வாய்க்காலை நீங்கள் வெட்டுங்கள் பிறகு பார்ப்போம் என்றது. விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) இருந்த படத்தில் அந்த ஒழுங்கை ஒரு மெல்லிய கோடு, கோட்டின் எந்தப் பக்கம் மதகு என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஊர்ப் பெடியள்தான் மண்வெட்டியோடு இறங்கினார்கள்.

இதற்குக் கோடி கோடியாகக் காசு வேண்டாம். பக்கத்துப் பக்கத்துச் சபைகள் இரண்டும் ஒரு நாள் குறித்து, தவிசாளர், தொழில்நுட்ப அலுவலர், இரு பக்க விதானைமார், ஊரில் வயது போன இரண்டு பேர் என்று சேர்ந்து எல்லையை நடந்து பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் கோவில் கேணி, பொதுக் கிணறு, மதகு என்று எளிதில் அழியாத ஒன்றிலிருந்து தூரம் எடுத்து, தமிழில் எழுதி, இரண்டு பக்கமும் கையெழுத்து வைத்து, இரண்டு அலுவலகத்திலும் சனம் பார்க்கக் கூடியதாகத் தொங்கவிடுங்கள். ஆவணி, புரட்டாதியில் செய்தால் ஐப்பசி மழைக்கு முன்னர் எந்த மதகு யாருடையது என்றாவது தெரிந்துவிடும்.

இன்னொன்று பல்கலைக்கழகப் புவியியற்றுறைக்கு. சிக்காகோவில் உள்ள நியூபெரி நூலகம், அமெரிக்கக் கவுண்டி ஒவ்வொன்றின் எல்லையும் எந்தத் திகதியில் எப்படி மாறியது என்று தொடக்கத்திலிருந்து வரைபடமாக்கி இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. எங்களுக்கும் அப்படி ஒன்று வேண்டும். 1833 இல் வட மாகாணம் அநுராதபுரத்தையும் உள்ளடக்கியிருந்தது, 1873 இல் அது வடமத்திய மாகாணத்துக்குப் போனது, 1978 இல் முல்லைத்தீவு, 1984 இல் கிளிநொச்சி தனி மாவட்டமானது. கிளிநொச்சிக் காணி ஒன்றின் பழைய கோப்பைத் தேடி இங்கே கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) வந்து அலைகிறவர்களை நானே எத்தனையோ தடவை கண்டிருக்கிறேன். எந்த வருஷத்துக் கோப்பு எந்த அலுவலகத்தில் என்று படத்தோடு ஒரு பட்டியல் போட்டால் அந்த அலைச்சல் குறையும். மாணவர்கள் செய்ய முன்வந்தால், பழைய பிரிவுப் பெயர்களையும் காணிப் பெயர்களையும் சொல்லித்தர என்னைப் போன்ற பழைய ஊழியர்கள் சிலர் இன்னும் இருக்கிறோம், பத்திரிகை மூலம் அறிவித்தால் வருவோம்.

ஓய்வுபெற்ற காணிக்கிளை எழுதுவினைஞர்,
மானிப்பாய்.