கதவிடுக்கும் ஒரு ரூபாய் நாணயமும்

கரூர்,
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

தண்ணீர் லாரி இடித்த உன் காரை எடுத்து நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஏழு படங்களையும் நேற்று ராத்திரி பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். "விட்டா போனையே தட்டி நிமித்திருவீங்க போல"என்று அம்மா சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். உனக்கு ஒன்றும் ஆகவில்லை, அது போதும். தண்ணீர் லாரிக்காரனோடு நடுரோட்டில் சண்டை போடாமல் நம்பரை மட்டும் படம் எடுத்துக்கொண்டு வந்தாய் பார், அதுவும் நல்லது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கம்பெனி சர்வீஸில் விடுவதா, மாப்பிள்ளையின் நண்பர் சொன்ன வெளி ஒர்க்‌ஷாப்பில் விடுவதா என்று கேட்டிருக்கிறாய். முப்பத்திரண்டு வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தகடு தட்டினவன் நான். அப்பா வெளியில்தான் விடச் சொல்வார் என்று நினைத்துத்தான் கேட்டிருப்பாய். இந்தத் தடவை கம்பெனியிலேயே விடு. ஏன் என்று சொல்கிறேன்.

பம்பர் உடைந்தது, முன் டயருக்கு மேலே இருக்கிற ஃபென்டர் தகடு நசுங்கியது எல்லாம் பெரிய விஷயமே இல்லை. பம்பர் பிளாஸ்டிக். ஃபென்டர் போல்ட் போட்டு மாட்டியது, கழற்றி எறிந்துவிட்டு வேறு மாட்டலாம். எனக்கு உறுத்தியது ஐந்தாவது படம். முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கைப் பார். மேலே ஒரு ரூபாய் நாணயம் நுழையாது, கீழே சுண்டுவிரல் நுனி போகும்போல இருக்கிறது. அதோடு நீயே எழுதியிருக்கிறாய், கதவை லேசாகத் தூக்கித்தான் மூட வேண்டியிருக்கிறது என்று. அப்படியென்றால் கதவு தொங்குகிறது. ஒன்று, மேல் கீல் வளைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கீல் உட்கார்ந்திருக்கும் முன் பில்லரே, அதாவது கதவைத் தாங்குகிற தூணே, பின்னால் தள்ளியிருக்க வேண்டும். கீல் என்றால் பிழைத்தோம். பில்லர் என்றால் அது டிங்கரிங் வேலை இல்லை, அளவு பார்க்கிற வேலை.

பஸ்ஸுக்கும் லாரிக்கும் அடியில் சேஸிஸ் என்கிற இரும்புச் சட்டம் தனியாக இருக்கும், பாடியை அதன் மேல் நாங்கள் கட்டுவோம். உன் காரில் அப்படிக் கிடையாது. பாடிதான் சேஸிஸ். பில்லரில் இருப்பது சாதாரணத் தகடும் இல்லை, கெட்டி இரும்பு. கேஸ் வெல்டிங் டார்ச்சை வைத்துச் சூடேற்றினால் வளைவு நிமிரும், ஆனால் இரும்பின் வலு இறங்கிவிடும். பெயிண்ட் அடித்த பிறகு யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அடுத்த இடியில்தான் தெரியும்.

இதை நான் எங்கேயோ படித்துவிட்டுச் சொல்லவில்லை. நீ இரண்டாவதோ மூன்றாவதோ படிக்கும்போது, நமக்குத் தெரிந்த ஒருவருடைய மாருதி 800 முன்பக்கம் அடிபட்டு வந்தது. கம்பெனிக்குப் போனால் செலவாகும், நீங்களே பார்த்துக் கொடுங்கள் என்று கெஞ்சினார். பட்டறைக்குப் பின்னாலிருந்த புளியமரத்தில் சங்கிலியைக் கட்டி, மறுமுனையைக் காரில் மாட்டி, ஜாக்கி கொடுத்து இழுத்தேன். டார்ச்சும் பிடித்தேன். கண்ணுக்கு நேராக வந்துவிட்டது. அவரும் சந்தோஷமாகக் காசு கொடுத்துவிட்டுப் போனார். நாலு மாதம் கழித்துப் பஸ் ஸ்டாண்டு பக்கம் அந்த வண்டி நின்றிருந்தது. இடது முன் டயர் உள்பக்கம் மட்டும் மொட்டையாகத் தேய்ந்திருந்தது. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. புது டயர் வாங்கிப் போட்டுக்கொண்டார் என்று பிறகு தெரிந்தது. கண்ணளவில் இழுத்தால் அப்படித்தான். வண்டியை பெஞ்ச் என்கிற இரும்புச் சட்டத்தில் இறுக்கி, எந்தப் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்று கம்பெனி கொடுத்த அளவோடு சரிபார்த்து இழுக்கிற வசதி இருக்கிற இடத்துக்குத்தான் உன் கார் போக வேண்டும். சில வெளி ஒர்க்‌ஷாப்பிலும் அது உண்டு. மாப்பிள்ளையின் நண்பர் சொன்ன இடத்தில் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுப் பார். "அதெல்லாம் எங்க பையன் கண்ணாலேயே பார்த்துருவான் மேடம்"என்று சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு.

கம்பெனி சர்வீஸ் என்றால் எல்லாம் சுத்தம் என்றும் நினைத்துவிடாதே. அங்கேயும் உள்ளே தகடு தட்டுகிறவன் நம்மூர் மாதிரிப் பட்டறையில் தொழில் கற்ற பையன்தான். யூனிஃபார்ம் மட்டும் வேறு. நம் சித்தப்பாவின் வண்டியை அப்படி ஓர் இடத்தில் விட்டபோது ஹெட்லைட் கிளிப்பை உடைத்துவிட்டுப் பசை போட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். மழை பெய்த அன்று விளக்குக்குள் தண்ணீர் நின்றது. எஸ்டிமேட்டை வரி வரியாகப் படி. இடிக்குச் சம்பந்தமே இல்லாமல் ஏசி கிளீனிங், அடிப்பக்கக் கோட்டிங் என்று நாலு வரி சேர்ந்திருக்கும். அதையெல்லாம் நீக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடு.

இன்ஷூரன்ஸ் பேப்பரையும் பார்த்தேன். ஜீரோ டெப், அதாவது வண்டி பழசானதற்காகக் கழிக்காமல் தருகிற கூடுதல் கவர், எடுக்காமல் விட்டிருக்கிறாய். சரி, இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது. உன் வண்டிக்கு மூன்று வயது முடிந்து நாலு மாதம். அதனால் மாற்றுகிற இரும்புப் பாகங்களுக்கு 25 சதவீதம் கழிப்பார்கள், பம்பர் மாதிரிப் பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிக்க மாட்டார்கள். பெயிண்டில் பொருளுக்கான பங்கில் பாதி நம் தலையில். இவையெல்லாம் போக, 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயமாக 1,000 ரூபாய் நாமே கட்ட வேண்டும். ஆக, பில்லை இன்ஷூரன்ஸ்காரரே நேராகக் கட்டுகிற கேஷ்லெஸ் என்று சொன்னாலும் கையிலிருந்து ஒரு தொகை போகும். எவ்வளவு என்று வண்டியைத் தொடுவதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்.

கேஷ்லெஸ் என்பது பெரும்பாலும் இன்ஷூரன்ஸ்காரர் பட்டியலில் இருக்கும் இடத்தில்தான். பட்டியலில் இல்லாத ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் கிளெய்ம் கிடைக்கும், ஆனால் முதலில் முழுப் பணத்தையும் நீ கட்டிவிட்டு, பில்லைக் கொடுத்து, அப்புறம் அவர்கள் தருகிறபோது வாங்கிக்கொள்ள வேண்டும். எங்கே விட்டாலும், இன்ஷூரன்ஸ் சார்பில் சேதத்தை மதிப்பிடுகிற சர்வேயர் வந்து பார்க்கும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதே. உன் விஷயத்தில் சர்வேயர் இரண்டு தடவை வர வேண்டியிருக்கும். ஃபென்டரையும் கதவையும் கழற்றிய பிறகுதான் பில்லர் கண்ணுக்குத் தெரியும். உள்ளே புதிதாக அடி தெரிந்தால் வேலையை நிறுத்திவிட்டு மறுபடி அவரைக் கூப்பிடச் சொல். முதல் எஸ்டிமேட்டில் இல்லாததை அவர் பார்க்காமல் மாற்றிவிட்டால் அந்தக் காசு வராது.

கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருஷங்களுக்காகத் தருகிற தள்ளுபடி, போகும் என்று மாப்பிள்ளை கவலைப்பட்டாராம். இப்போது 35 சதவீதம் இருக்கிறது, கிளெய்ம் இல்லாவிட்டால் அடுத்த ரினியூவலில் 45 ஆகியிருக்கும், இனி பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். உண்மைதான். ஆனால் அந்தத் தள்ளுபடி மொத்தப் பிரீமியத்துக்கும் கிடையாது, நம் வண்டிச் சேதத்துக்குக் கட்டுகிற பங்குக்கு மட்டும்தான். அந்தப் பங்கு 8,000 ரூபாய் என்று வைத்தால் 3,600 ரூபாய் மிச்சம். அதற்காகப் பில்லர் வேலையைக் கைக்காசில் செய்கிறவன் யாராவது இருப்பானா? பார்க்கிங்கில் உரசி ஒரு கோடு விழுந்தால் மட்டும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்.

அப்படிக் கோடு விழுந்தால், சின்ன டென்ட் விழுந்தால், வெளியிலேயே விடு. தட்டி எடுக்கிற இடத்தில் கம்பெனிக்காரர்கள் மாற்றத்தான் பார்ப்பார்கள். பின் டயருக்கு மேலே இருக்கும் தகட்டை மட்டும் சின்ன டென்டுக்காக மாற்ற விடவே விடாதே. அது போல்ட்டில் நிற்பதில்லை, பாடியோடு ஸ்பாட் வெல்டிங். வெட்டி எடுத்துத்தான் புதிது வைக்க முடியும். ஃபேக்டரியில் வைத்த ஒட்டு போனால் போனதுதான். பொறுமையான டிங்கர் உள்ளே டாலி என்கிற இரும்புக் கட்டியை முட்டுக் கொடுத்து, வெளியே சுத்தியலால் செல்லமாகத் தட்டித் தட்டி அதைக் கொண்டுவந்துவிடுவான். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு பட்டி போதும். சோம்பேறி டிங்கர் பள்ளத்தை அப்படியே விட்டு அரை இஞ்சுக்குப் பட்டியை அப்பிவிடுவான். ரெண்டு வெயில் காலம் தாங்கும், அப்புறம் வெடிக்கும். நம் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற காந்தம் மாதிரி ஒன்றைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைத்துப் பார். ஒட்டாமல் வழுக்கினால் உள்ளே பட்டிதான்.

வெளியில் விட்டால் வாரண்டி போய்விடும் என்று பயமுறுத்துவார்கள். 2014இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது. வெளி மெக்கானிக்குகளுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்காமல் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. வெளியில் வேலை பார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவில் இருந்தது. கம்பெனிகள் அப்பீலுக்குப் போனார்கள், அது வேறு கதை. கவுண்டரில் இருக்கும் பையனிடம் இதைச் சொல்லிச் சண்டை போடாதே, அவனுக்குத் தெரிந்திருக்காது. வெளியில் விடுகிற எந்த வேலைக்கும் பில் வாங்கி வைத்துக்கொள், அது போதும்.

பெயிண்ட் பற்றி ஒரு விஷயம் சொல்ல மறந்தேன். உன் வண்டியின் சிவப்பு, மெட்டாலிக் சிவப்பு. பெயிண்ட் கோட் நம்பர் சரியாக இருந்தாலும் மூன்று வருஷ வெயில் பட்ட கலரோடு புதுக் கலர் அப்படியே சேராது. ஃபென்டரோடு நிறுத்தாமல் பக்கத்துப் பேனலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து அடிக்கச் சொல். டெலிவரியை ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுக்காதே. காலை வெயிலில் நிறுத்தி, ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஏர்பேக்குக்கு ஸ்கேன் போட்டு அந்தப் பேப்பரையும், வீல் அலைன்மெண்ட் அளவையும், பில்லர் அளவு பார்த்த பேப்பரையும் கேட்டு வாங்கு. கதவை ஒரு விரலால் தள்ளு. தூக்காமல் மூட வேண்டும்.

வண்டியைக் கொடுப்பதற்கு முன் கிலோமீட்டரைப் படம் எடு, டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாரை எடுத்துப் பையில் போட்டுக்கொள். அப்புறம் அந்தக் கதவிடுக்கில் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று நாணயத்தை வைத்து எனக்கு இரண்டு படம் அனுப்பு. வேலை முடிகிற தேதியை முன்னமே சொன்னால் ராத்திரி ரயிலில் கிளம்பி வந்துவிடுகிறேன். அம்மா முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அதையும் எடுத்து வரலாம்.

அன்புடன்,
அப்பா