அப்பாவின் வலியைத் தணித்தவர்களுக்கு

கேரளத்துச் சித்தூர்ப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு வரும், தீராத நோயாளிகளின் வலியைத் தணிக்கும் பாலியேட்டிவ் குழுவினர் எல்லோருக்கும் வணக்கம்.

அப்பாவின் காரியம் முடிந்தது. உறவுக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். முதலில் உங்களுக்கு எழுது என்று அம்மா சொன்னார்.

புற்று எலும்புக்குப் பரவிவிட்டது, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அத்தனை வலியோடு ஒருவரை வீட்டில் வைத்து எப்படிப் பார்ப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. ராத்திரி முழுக்க முனகுவார். புரட்டிப் படுக்க வைத்தால் கத்துவார். அபினிலிருந்து எடுக்கும் வலி மருந்தான மார்ஃபின் பேரைக் கேட்டே நாங்கள் பயந்தோம். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துக் கொடுங்கள், கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து கொடுங்கள் என்று நீங்கள்தான் பொறுமையாகச் சொன்னீர்கள். அப்புறம் அப்பா தூங்கினார். விழித்தபோது காப்பி கேட்டார்.

சிஸ்டர், படுக்கைப் புண்ணை நீங்கள் முகம் சுளிக்காமல் சுத்தம் செய்ததைப் பார்த்துத்தான் அம்மாவுக்கும் கை நடுக்கம் நின்றது. ஆட்டோ ஓட்டும் சேட்டா, நீங்கள் வந்தால் நோயைப் பற்றிப் பேச்செடுக்க மாட்டீர்கள். தென்னைக்குத் தண்ணீர் போதுமா என்று கேட்பீர்கள். கடன் அடையாமல் போய்விடுமோ என்ற கவலையை அப்பா உங்களிடம்தான் சொன்னார், பெற்ற பிள்ளைகளிடம் சொல்லவில்லை. அதைத் தெரிந்துகொண்டு அவரிடம் நாங்கள் பேச முடிந்ததும் உங்களால்தான்.

இப்படியொரு குழு எங்கிருந்து முளைத்தது என்று தேடிப் படித்தேன். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்க மருந்து நிபுணராக இருந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபாலிடம், புற்றுநோய் வலியோடு ஒரு கல்லூரி ஆசிரியர் வந்தாராம். டாக்டர் ஊசி போட்டு நரம்பை மரக்கச் செய்தார், வலி போனது. தன் நோய்க்கு இனி வைத்தியம் இல்லை என்பது அந்த ஆசிரியருக்கு அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அன்றிரவே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உடம்பின் வலியை மட்டும் பார்த்தோமே, மனிதரைப் பார்க்கவில்லையே என்ற அந்த வேதனை டாக்டரை விடவில்லை. 1993இல் டாக்டர் சுரேஷ் குமாரும் அவரும் வேறு சிலரும் சேர்ந்து கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 1985இன் போதைப்பொருள் சட்டத்துக்குப் பிறகு மார்ஃபின் கிடைப்பதே அரிதாக இருந்த காலம் அது.

1999வாக்கில் மலப்புறத்தில் ஊர்க்காரர்களே இந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். பயிற்சி பெற்று, சில்லறையாகக் காசு திரட்டி, தங்கள் தெருவிலிருந்த நோயாளிகளைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள். 2008இல் கேரள அரசு இதற்கென்று கொள்கையே வகுத்தது. சரி, அரசாணை வந்தால் போதுமா? வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர ஆள் வேண்டுமே.

எங்களுக்காக இரக்கப்பட்டவர்கள் நிறைய. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து, கண் கலங்கி, போனார்கள். அவர்கள்மேல் குறையே இல்லை. ஆனால் சொன்ன நாளில் சொன்னபடி வந்தவர்கள் நீங்கள். அந்த நாளை நம்பித்தான் அப்பா மற்ற நாட்களைக் கடத்தினார். அன்று ஒருவரின் வேதனையைப் பார்த்துக் கலங்கிய அந்த டாக்டரின் மனம், முன்பின் தெரியாத எங்கள் வீட்டுக்கும் முறை வைத்து வந்து சேர்ந்திருக்கிறது. இதற்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்வோம்!

காற்றுப் படுக்கையைக் கழுவி உலர்த்தி வைத்திருக்கிறோம். அடுத்த முறை வண்டி இந்தப் பக்கம் வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள், யாருக்காவது உடனே தேவைப்படும். மிச்சமிருக்கும் மார்ஃபின் மாத்திரைகளையும் எண்ணி, எழுதி வைத்திருக்கிறோம். வாலண்டியர் பயிற்சிக்கு அம்மா பெயர் கொடுக்கிறார். மலையாளம் பேசுவார், எழுதத்தான் வராது. வகுப்பு எப்போது என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.