ஏட்டி ஷீபா, கேட்டியா

ஏட்டி ஷீபா,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜ் நாலையும் கேட்டேன். மூணாவதில் ஓட்டு மேல் விழுகிற மழையும் யார் வீட்டுச் சேவலோ ஒன்றும்தான் தெளிவாக இருந்தன, நீ பேசினது பாதி பிடிபடவில்லை. அதனால் நானும் பதிலுக்குப் பேசி அனுப்பாமல், பெரிய லீவில் இன்லேண்ட் லெட்டர் வாங்கி மயிலாடிக்கும் புத்தளத்துக்கும் எழுதிக்கொள்வோமே, அதை நினைத்து உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே ஞாயிற்றுக்கிழமை. ஜெர்மனியில் ஞாயிறு என்றால் கடை கிடையாது, நேற்று அரிசி வாங்க மறந்துவிட்டேன், ரொட்டியை வைத்து ஓட்டுகிறேன். மணி நாலரை, ஜன்னலுக்கு வெளியே இருட்டிவிட்டது. அங்கே ஒன்பது ஆகியிருக்கும், நீ கதவைச் சாத்திவிட்டுப் படுக்கத் தயாராகியிருப்பாய்.

"அங்க மனுசங்க எப்படிட்டி, நல்லவங்களா?" என்று கேட்டிருந்தாய். வந்து ஒரு வருஷம் ஆகியும் இதற்கு ஒரு வரியில் பதில் வரவில்லை. நல்லவர்கள்தான். ஆனால் ஒன்றும் கேட்கமாட்டார்கள். எங்கே போகிறாய், சாப்பிட்டாயா, ஏன் முகம் வாடியிருக்கிறது, ஒன்றும் கிடையாது. உனக்கு ஓர்மை இருக்கும், காலேஜுக்குப் போகிறபோது பஸ் ஸ்டாப்பில் நிற்கிற ஆச்சி தினமும் "எங்க மக்கா, காலேஜுக்கா?" என்று கேட்பாள், யூனிபார்ம் மாதிரி ஒரே சுடிதாரும் தோளில் பையுமாக நிற்கிறவள் வேறு எங்கே போவாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு "ஆமா ஆச்சி" என்பேன். இங்கே எட்டு மாசம் ஒரே டிராம் ஸ்டாப்பில் ஒரே ஆட்களோடு நின்றிருக்கிறேன், ஒருவர்கூட எங்கே என்று கேட்கவில்லை. முதலில் சுகமாக இருந்தது. ஒரு மாசம் சுகமாக இருந்தது என்று வைத்துக்கொள்.

மாடியில் உர்சுலா என்று ஒரு அம்மா இருக்கிறார், எழுபத்துநாலு வயசு. நான் குடிவந்த மூணாவது வாரம் காப்பிக்குக் கூப்பிட்டார். இங்கே மத்தியானம் மூணு மணிக்குக் காப்பியும் கேக்கும் ஒரு சடங்கு மாதிரி. பிளம் பழம் வைத்த கேக், அடுப்பிலிருந்து எடுத்த வாசம் படிக்கட்டு வரைக்கும் வந்தது. தட்டை நீட்டி "வேணுமா?" என்றார். நான் நம் ஊர் மரியாதைப்படி "இல்லை, வேண்டாம், நன்றி" என்றேன். ரெண்டாவது தடவை கேட்பார், மூணாவது தடவை "ஒரு துண்டாவது எடுத்துக்கோ" என்று தட்டில் வைப்பார், அப்போது வேறு வழியில்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் "சரி" என்று தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒரு துண்டு வெட்டி நிதானமாகச் சாப்பிட்டார். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாதவள் அந்த ஒரு மணி நேரம் அவர் முள்கரண்டியைப் பார்த்துக்கொண்டு வானிலை பேசினேன். அவரைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது, வேண்டாம் என்றேன், வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆனால் கிளம்பும்போது, என்ன நினைத்தாரோ, மிச்சக் கேக்கை ஒரு தகர டப்பாவில் போட்டுக் கையில் கொடுத்தார். படியில் உட்கார்ந்தே பாதியைத் தின்றேன், உன்னிடம் சொல்வதற்கென்ன. டப்பாவை வெறுமனே எப்படித் திருப்பிக் கொடுப்பது? அம்மை கட்டிக்கொடுத்த முந்திரிக்கொத்து பத்துப் பன்னிரண்டு மிச்சம் இருந்தது, ஆறை எண்ணிப் போட்டு, அவர் வீட்டில் இல்லாததால் கதவு ஓரமாக வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். உர்சுலா டப்பாவோடு நிற்கிறார், "இதுக்குள்ள உன்னோடது ஏதோ மறந்து வெச்சுட்டே" என்று. நான் சிரித்ததில் அவர் பயந்தே போனார். கொடுத்த பாத்திரத்தை வெறும் பாத்திரமாகத் திருப்பக் கூடாது என்று என் அரைகுறை ஜெர்மனில் விளக்கினேன். "யார் போட்ட சட்டம்?" என்று கேட்டார். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார், ஏட்டி. அம்மை போட்ட சட்டம் என்றேன். ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "பல்லு போகும்போல இருக்கு, ஆனா நல்லா இருக்கு" என்றார். பொய்யாகப் புகழத் தெரியாத ஆட்கள்.

இன்னொன்று சொல்லவேண்டும். ஜெர்மனிலும் நம்மைப் போல நீ, நீங்கள் உண்டு. 'டூ' என்றால் நீ, 'ஸீ' என்றால் நீங்கள். இங்கிலீஷில் இல்லாத இந்த வசதியைப் பார்த்ததும் நம் ஊர்தான் என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் நமக்கு வயசும் உறவும் முடிவு செய்துவிடும், இங்கே இரண்டு பெரியவர்கள் அதைப் பேசி முடிவு செய்கிறார்கள். பெரும்பாலும் மூத்தவர்தான் முதலில் கேட்கவேண்டும். உர்சுலா ஒருநாள் மாடிப்படியில் நின்று, ஏதோ பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிற மாதிரி, "இனிமே நாம டூ சொல்லிக்கலாமா?" என்று கேட்டார். சம்மதம் சொன்னேன், வாயில்தான் வரமாட்டேன் என்கிறது. எழுபத்துநாலு வயசுக்காரியைப் பேர் சொல்லி "நீ வா" என்பதா? ஆச்சி, அக்கா, மதினி, எதுவும் இந்தப் பாஷையில் வைக்க இடமில்லை. வாய் உர்சுலா என்று சொன்னாலும் மனசுக்குள் ஆச்சி என்றுதான் ஓடுகிறது. இப்போது உனக்கு எழுதும்போதும் பார், நான் பாட்டுக்கு 'ஆர்' போட்டுத்தான் எழுதுகிறேன்.

கிளாஸ் விஷயம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். பாடம் முடிந்ததும் எல்லோரும் மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள், வாத்தியார் மேல் கோபம் என்று நினைத்தேன், அதுதான் கைதட்டலாம். மார்க் தலைகீழ், 1 என்றால் முதல் தரம், 5 என்றால் பெயில். அப்புறம் ஒரு செமினார் முடிவில் பேராசிரியர் தனியாகக் கூப்பிட்டு, "நீ மூணு மாசமா ஒரு கேள்வியும் கேட்கலை, புரியலையா, பிடிக்கலையா?" என்றார். நாம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்காக நல்ல பிள்ளை என்று பேர் வாங்கினவர்கள். அதே வாயை மூடினதற்கு இங்கே விளக்கம் கேட்கிறார்கள்.

பிப்ரவரியில் காய்ச்சல் வந்ததை உன்னிடம் சொல்லவில்லை, அம்மைக்குத் தெரிந்துவிடும் என்று. நாலு பேர் சேர்ந்து இருக்கிற வீடு இது, சமையலறை பொது, பிரிட்ஜில் ஆளுக்கு ஒரு தட்டு. ஒருநாள் என் தட்டில் ஒரு சீட்டும் 20 சென்ட் காசும் இருந்தன, 'உன் வெங்காயம் ஒண்ணு எடுத்தேன்' என்று எழுதி. நம் வீட்டில் சீனி தீர்ந்தால் டம்ளரோடு பக்கத்து வீட்டுக்குப் போவோமே, யாராவது அதற்குக் காசு நீட்டினால் ஏழு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. சரி, காய்ச்சலுக்கு வருகிறேன். தடுமமும் காய்ச்சலுமாக இரண்டு நாள் அறையை விட்டு எழும்பவில்லை. வெளியே சமைக்கிற சத்தம், சிரிப்புச் சத்தம் எல்லாம் கேட்கிறது, ஒருத்தி கதவைத் தட்டவில்லை. கிடந்தபடி அவர்களை மனசுக்குள் என்னவெல்லாமோ திட்டினேன், சுக்குக் காப்பியை நினைத்து அழுதேன், அதில் போடுகிற கருப்பட்டியை நினைத்துத் தனியாக ஒருமுறை அழுதேன். மூணாவது நாள் முடியாமல் வெங்காயக்காரிக்கு ஒரு மெசேஜ் போட்டேன், காய்ச்சல், மருந்து வாங்கித் தரமுடியுமா என்று. பத்து நிமிஷத்தில் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மருந்து, எலுமிச்சை, தெர்மாமீட்டர் எல்லாம் வந்தன. அன்று ராத்திரியும் மறுநாள் ராத்திரியும் சூப் வைத்துக் கொடுத்தாள், டாக்டரிடம் நேரம் வாங்கிக் கூடவே வந்து உட்கார்ந்தாள். "முதல் நாளே ஏன் சொல்லலை?" என்று அவள் கேட்டபோது அவள் குரலில் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. அறைக் கதவு சாத்தியிருந்தால் தனியாக இருக்க விரும்புகிறாள் என்று அர்த்தமாம். தட்டுவது மரியாதை இல்லையாம்.

எனக்கு உடனே அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தது ஞாபகம் வந்தது. எத்தனை பேர் வந்தார்கள். ஆப்பிளும் ஹார்லிக்ஸுமாகக் கட்டில் நிறைந்துவிட்டது, எப்படி ஆச்சு, என்ன ஆச்சு, எவ்வளவு செலவாச்சு என்று ஒவ்வொருவருக்கும் அம்மை முதலிலிருந்து சொன்னாள். ராத்திரி துணைக்கு இருக்க ஆள் வேண்டியிருந்தது, அதை அம்மை வாய்விட்டுக் கேட்கவில்லை, நீயும் உன் அண்ணனும்தான் கேட்காமலே வந்து இருந்தீர்கள். அதை நான் மறக்கமாட்டேன். மற்றவர்களைக் குறை சொல்லவும் இல்லை, ஆனால் கேட்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கிறது என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை, இங்கே கிடந்தபோதுதான் தோன்றியது.

இதையெல்லாம் உர்சுலாவிடம் சொன்னேன், உங்கள் ஊரில் ஏன் இப்படி என்று. அப்போது அவர் சொன்னதைத்தான் உனக்கு முக்கியமாக எழுதவேண்டும். இந்த ஹாலே ஊர் பழைய கிழக்கு ஜெர்மனி. கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த காலத்தில் இவர்களும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டேதான் இருந்தார்களாம். கடையில் சாமான் வராது, வந்தால் யாராவது ஓடிவந்து சொல்லவேண்டும், ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளவேண்டும். ஆனால் அதே காலத்தில் ஸ்டாசி என்கிற ரகசிய போலீஸுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களே தகவல் எழுதிக் கொடுத்தார்கள். யார் வந்தார்கள், எங்கே போனார்கள், என்ன பேசினார்கள் என்று. 1989இல் சுவர் விழுந்தது, 1992 முதல் அவரவர் பேரில் இருந்த கோப்பை விண்ணப்பம் போட்டுப் படிக்கலாம் என்று ஆனது. நீங்கள் படித்தீர்களா என்றேன். "இல்லை, நான் கேட்கவே இல்லை" என்றார். யார் எழுதினது என்று தெரிந்துவிட்டால் அந்தக் காப்பி, அந்தப் பிறந்தநாள், எல்லாம் கெட்டுப்போகும் என்றார். பிறகு கேக்கை வெட்ட ஆரம்பித்துவிட்டார். "எங்க போற?" என்கிற கேள்வியை அவர் காதால் ஒருமுறை கேட்டுப் பார், ஏட்டி. எனக்கு பஸ் ஸ்டாப் ஆச்சி ஞாபகம், அவருக்கு வேறு யாரோ.

இந்த ஊரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே. ஹாலே உப்பால் வளர்ந்த ஊர், உப்பளத்துக்காரன் மகளுக்கு வாய்த்ததைப் பார். ஆனால் கடல் கிடையாது. கிணற்றிலிருந்து உப்புத்தண்ணீரை இறைத்துப் பெரிய சட்டியில் ஊற்றித் தீ மூட்டிக் காய்ச்சி எடுத்தார்கள். அப்பாவிடம் போனில் சொன்னேன். ரெண்டு மழைக்கு நடுவில் கிடைக்கிற வெயிலை நம்பிப் பாத்தி கட்டினவருக்கு அதை நம்பமுடியவில்லை, "விறகு வெச்சா உப்பு காய்ச்சுவான்? முதலுக்கே மோசம்லா" என்றார். இன்னொன்றைக் கேட்டால் நீ நம்பமாட்டாய், உங்கள் மயிலாடிக்கு 1806இல் வந்த மிஷனரி ரிங்கல்தௌபே ஐயர் படித்ததும் இதே ஹாலேயில்தான். அவருக்கு நூறு வருஷம் முன்னால் தரங்கம்பாடியில் இறங்கின சீகன்பால்குவும் இங்கே படித்தவர்தான், அந்தத் தொடர்பில் வந்த நம் பனையோலைச் சுவடிகள் இங்கே ஒரு காப்பகத்தில் இருக்கின்றன. கல் கொத்துகிற சத்தத்துக்கு நடுவில் உங்கள் ஊர் வேதக்கோயிலைத் தாண்டி எத்தனை நாள் உன் வீட்டுக்கு வந்திருக்கிறேன், இது தெரியாமலே. இந்த ஆட்களிடமிருந்து போய் மயிலாடியில் இறங்கினவரை முதல் நாளே எத்தனை பேர் சூழ்ந்துகொண்டு சாப்பிட்டாச்சா, கல்யாணம் ஆச்சா, அம்மை இருக்காங்களா என்று கேட்டிருப்பார்கள். 1816இல் உடம்பு முடியாமல் கப்பலேறிப் போனவர் கடைசியில் என்ன ஆனார் என்றே யாருக்கும் தெரியாமல் போய்விட்டது.

அக்டோபர் 31 எங்களுக்கு லீவு, லூத்தர் 1517இல் ஆரம்பித்த சீர்திருத்தத்துக்காக. மறுநாள் நவம்பர் 1, நம் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள், உங்களுக்கு லீவு. அன்றைக்கு நீ ஆன்லைனில் இருப்பாய் என்று போன் செய்தேன், நீ எடுக்கவில்லை.

அதனால்தான் கேட்கிறேன். நாலாவது மெசேஜின் கடைசியில், அண்ணன் வீட்டைப் பற்றி ஏதோ ஆரம்பித்து, "சரி, அதை விடு" என்று நிறுத்தினாய். என்ன அது? நீ படிப்பை விட்டு வீட்டில் இருக்கிறாய் என்று அம்மை வேறு யாரோ சொல்லக் கேட்டு எனக்குச் சொன்னாள், உன் வாயால் நீ சொல்லவில்லை. பணம் என்றால் எவ்வளவு என்று சொல். சனிக்கிழமைகளில் ஒரு பேக்கரியில் நிற்கிறேன், கையில் கொஞ்சம் இருக்கிறது. ஆள் பேசவேண்டும் என்றால் யாரிடம் என்று சொல், அப்பாவைப் போகச் சொல்கிறேன். சொல்ல இஷ்டமில்லை என்றால் வேண்டாம் என்று எழுது. நான் இன்னொரு தடவை கேட்பேன், மூணாவது தடவையும் கேட்பேன்.

எனக்கு வேண்டியதையும் கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறேன்: கருப்பட்டி ஒரு கிலோ, சுக்கு கொஞ்சம். டிசம்பரில் ஊரிலிருந்து ஒரு பையன் இங்கே வருகிறான், அப்பாவிடம் கொடுத்தால் போதும். உர்சுலாவின் டப்பா இப்போது என்னிடம்தான் இருக்கிறது.

உன்
சுஜா