மலை ஊர் மன்றங்களுக்கு: காகிதக் கூழ்க்கூடத்தை நாற்றமில்லாமல் நடத்தலாம்

நீலகிரியிலும் கொடைக்கானல் பக்கத்திலும் உள்ள நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சித் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

குன்னூரை ஒட்டிய ஒரு சரிவில் குடியிருக்கிறேன். அதற்கு முன் பல வருடம் சமவெளியில் ஒரு காகித ஆலையின் கூழ்ப் பிரிவில் வேலை பார்த்தவன். பழைய பேப்பரை நம் ஊரிலேயே கூழாக்கி, முட்டை அட்டையோ நாற்றுத் தொட்டியோ செய்யலாமே என்று யார் பேச்செடுத்தாலும், "வேண்டாங்க, நாறும்" என்ற ஒரே பதிலில் பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தப் பதிலை நான் அலட்சியமாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீடுகளுக்கு மேலே அப்படி ஒரு தனியார் கூடம் இருந்தது. விடியற்காலையில் ஜன்னலைத் திறக்க முடியாது, அழுகிய முட்டை நாற்றம். கடைசியில் அதை மூடவைத்தோம். எங்கள் புகார் நியாயமானது, இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த நாற்றத்துக்குக் காரணம் அங்கே காகிதம் அரைத்தது இல்லை. நனைந்த காகிதத்தையும் பழைய தண்ணீரையும் நாட்கணக்கில் தேக்கிவைத்தார்கள். அதை உரிமத்தின் நிபந்தனையிலேயே தடுக்க முடியும் என்று சொல்லத்தான் இந்த மடல்.

நீலகிரியில் 2000களின் தொடக்கத்திலேயே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை வந்தது. 2019 ஜனவரி 1 முதல் மாநிலம் முழுவதும் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்குத் தடை. நல்ல காரியம். ஆனால் அந்த இடத்தைப் பெரும்பாலும் காகிதம் பிடித்துக்கொண்டது: பேக்கரிப் பெட்டி, காகிதப் பை, கூரியர் அட்டைப்பெட்டி. சுத்தமான அட்டை எப்படியாவது பழைய பேப்பர் கடைக்குப் போய் மேட்டுப்பாளையம் இறங்கிவிடுகிறது. மழையில் நனைந்ததும் கிழிந்ததும் சாம்பார் பட்டதும் குப்பைமேட்டுக்குப் போகின்றன.

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காகிதத்தில் மரநார் மட்டும் இல்லை, ஸ்டார்ச்சும் உண்டு. அட்டைப்பெட்டியின் நெளிந்த தாளை ஒட்டும் பசையே பெரும்பாலும் ஸ்டார்ச்தான். தண்ணீரில் ஊறினால் அது கரைந்து பாக்டீரியாவுக்குச் சாப்பாடாகிறது. காற்றுப் புகாத தொட்டியில் அவை அதை உடைத்து, பியூட்டிரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்கும். வாந்தி மாதிரி வரும் புளித்த வாடை அதுதான். காகிதம் செய்யும்போது அலுமினியம் சல்ஃபேட் சேர்ப்பது பழைய வழக்கம். அந்த சல்ஃபேட்டை வேறொரு வகை பாக்டீரியா ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும். அதுதான் அழுகிய முட்டை. இரண்டுக்கும் மூன்று விஷயங்கள் சேர வேண்டும்: ஈரம், காற்றில்லாமை, நேரம். ஈரத்தைத் தவிர்க்க முடியாது. காகிதத்தை அரைக்கும் கூழாக்கியில் நூறு பங்கில் நாலைந்து பங்குதான் காகிதம், மீதி எல்லாம் தண்ணீர். மற்ற இரண்டும் நம் கையில் இருக்கின்றன.

அதனால் முதல் நிபந்தனை, காய்ந்த காகிதம் கூழாக்கிக்குள் போகும்வரை காய்ந்தே இருக்க வேண்டும். கூரையும் உயர்ந்த தளமும் இல்லாத கூடத்துக்கு அனுமதி வேண்டாம். அன்றன்றைக்கு அச்சில் வார்க்க முடிகிற அளவுதான் ஊறப்போட வேண்டும். மிஞ்சிய கூழைப் பிழிந்து, தண்ணீர் இறக்கிக் கட்டியாக வைக்கலாம், தொட்டியில் விடக்கூடாது. விடுமுறைக்கு முதல்நாள் தொட்டி காலியாக இருக்க வேண்டும். எங்களுக்கு மேலே இருந்த கூடத்தில் நாற்றம் உச்சத்தில் இருந்ததெல்லாம் திங்கட்கிழமை காலைகளில்தான்.

அடுத்து தண்ணீர். ரேலியா அணையில் நீர் இறங்கும் மாதங்களில் குன்னூரில் குடிக்கவே தண்ணீருக்கு அலைகிறோம். ஆகவே கூழ் வடித்த தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அதில் கரைந்த ஸ்டார்ச் கூடிக்கொண்டே போகும். மூடிய தொட்டியில் நிறுத்தினால் இரண்டொரு நாளில் கெட்டுவிடும். சின்ன காற்றூதி (புளோயர்) வைத்து இடைவிடாமல் காற்று செலுத்த வேண்டும். கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்துக் அமில-கார அளவு (pH) எட்டுக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டால் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்புவது குறையும். ஆனால் அது உள்ளேதான் கரைந்து நிற்கும் என்பதால் சுண்ணாம்பைக் காற்றுக்கு மாற்றாக நினைக்கக்கூடாது. தண்ணீரில் ஒரு பகுதியை அடிக்கடி மாற்றி, வெளியேற்றுவதை நாணல் பாத்தி வழியாக வடிக்க வேண்டும். ஓடையில் நேரே விடவே கூடாது, குன்னூர் ஆறு கடைசியில் பவானியில் போய்ச் சேருகிறது.

சமவெளிக்கு எழுதிய விதிகளில் நம் மலைக்காற்று இருக்காது. பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவின் மேலே ஏறும். சூரியன் மறைந்ததும் குளிர்ந்த காற்று கனத்து, சரிவு வழியாகக் கீழே இறங்கிப் பள்ளத்தில் தேங்கும், மூடுபனி தேங்குவதுபோல. கூடம் மேலே, தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் கீழே என்றால் ராத்திரி முழுக்க நாற்றம் அந்த வீடுகளுக்குள்தான் இறங்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி பகல் பதினொரு மணிக்கு வருவார். அப்போது காற்று மேல்நோக்கிப் போய்க்கொண்டிருக்கும், அவருக்கு ஒன்றும் தெரியாது, "நாற்றம் இல்லை" என்று எழுதிவிட்டுப் போவார். கீழே இருக்கும் சனம் பொய் சொல்வதாகிவிடும். எங்களுக்கு இதுதான் நடந்தது. தயவுசெய்து இடம் தேர்வு செய்யும்போது கீழ்ச்சரிவில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். ஆய்வு விடியற்காலை ஆறு மணிக்கு, கீழ் வீட்டு வாசலில் நடக்கட்டும்.

தேயிலைத் தொழிற்சாலைப் பக்கத்திலும் கூடம் வேண்டாம். அங்கே உலர்த்தியின் வீணாகும் சூட்டில் அட்டைகளைக் காயவைக்கலாமே என்ற யோசனை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேயிலை எந்த வாடையையும் சட்டென்று இழுத்துக்கொள்ளும். ஒரு மோசமான வாரம் போதும், அந்தத் தூளை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள்.

உணவு பட்ட காகிதத்தைக் கூடத்துக்குள் விடவே வேண்டாம். அது உரக்குழிக்குப் போகட்டும். கூடத்தில் சேர்த்தால் புளிப்பதோடு நிற்காது, கரடி வரும். கோத்தகிரியிலும் குன்னூரிலும் ரேஷன் கடைக் கதவை உடைக்கும் கரடிக்கு இந்தத் தகரக் கொட்டகை எம்மாத்திரம்? பிளாஸ்டிக் பூச்சு உள்ள காகிதக் கப், அலுமினியத் தாள் ஒட்டிய தேயிலைப் பை, வழவழப்பான பில் காகிதம் இவையும் வேண்டாம். பூச்சுக் கப் தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. தரம் பிரிப்பது வீட்டிலேயே நடக்க வேண்டும் என்று திடக்கழிவு விதிகள் 2016லேயே சொல்லிவிட்டன. அது நடக்காத ஊரில் தூய்மைப் பணியாளர்கள் தலையில் அந்த வேலையைக் கட்டிவிட்டுக் கூடம் திறக்காதீர்கள்.

அப்புறம் மழை. பக்குவமாக வார்த்த அட்டைகூட மூடுபனியில் காயாமல் பூஞ்சை பிடிக்கும். மழை மாதங்களில் கூழாக்குவதையே நிறுத்திவிட்டு, காகிதத்தைப் பிரித்து அழுத்திக் கட்டாக்கிக் கீழே ஆலைகளுக்கு அனுப்பலாம். டிசம்பர் கடைசியிலிருந்து மே வரை மட்டும் கூழ் வேலை. சுற்றுலாக் குப்பை அதிகமாவதும் ஏப்ரல், மே மாதங்களில்தான். வருடம் முழுக்க ஓட்டியே தீருவேன் என்பவருக்கு உலர்த்தும் அறை இருக்கிறதா என்று கேளுங்கள். செய்யும் பொருளிலும் ஆசை கூடாது. தேயிலை நாற்று பல மாதம் பையிலேயே நிற்கும், அதற்குள் கூழ்த் தொட்டி கரைந்துவிடும். கோஸ், காலிஃபிளவர், பூ நாற்றுகள் சில வாரத்தில் மண்ணுக்குப் போகின்றன, அவற்றுக்குப் பொருந்தும். வெளுக்கவும் தேவையில்லை, குளோரின் வாசமே வராது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சும் வாடைக்கு ஒரு எளிய வழி உண்டு. தொட்டி அறையின் காற்றை ஒரு விசிறியால் இழுத்து, மரச்சீவலும் மக்கிய உரமும் கலந்த ஒரு மீட்டர் ஆழப் படுகை வழியாக வெளியே விடுவது. படுகையில் வளரும் பாக்டீரியா வாடையைத் தின்றுவிடும். அது காயக்கூடாது, அவ்வளவுதான். சோலைக் காடுகளை மீட்க வெட்டப்படும் சீகை (வாட்டில் என்ற அந்நிய மரம்) மரத்தின் சீவலே இதற்குப் போதும். வாசனைத் தெளிப்பானும் பினாயிலும் அடிக்கிற கூடம் எதையோ மறைக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். மூடிய கூழ்த் தொட்டிக்குள் எந்தத் தொழிலாளியையும் இறக்க விடாதீர்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு கூடும்போது மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் இல்லை என்று நம்பி இறங்குகிறவர் திரும்ப மாட்டார். வெளியில் நின்றபடியே கழுவக்கூடிய, அடி சரிந்த, மேல்மூடி முழுக்கத் திறக்கும் தொட்டிக்கு மட்டும் உரிமம் கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். கீழ்ச்சரிவில் குடியிருப்பவர்களில் இருவரையாவது உட்காரவைத்து நிபந்தனைகளை எழுதுங்கள், மீறினால் எத்தனை நாளில் மூட வேண்டும் என்பதையும் சேர்த்து. எந்த ஊர் மன்றம் கூப்பிட்டாலும் தொட்டியின் வரைபடத்தோடு நானே வருகிறேன், கொடைக்கானல் என்றாலும் சரி.

இப்படிக்கு,
குன்னூர் சரிவில் குடியிருக்கும் ஒரு பழைய ஆலைத் தொழிலாளி