ஜோனஸ் குவின் கட்சியிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் தொலைக்காட்சிப் பக்கத்தைப் படித்தேன். ஆள் மாறினால் அன்றோடு தொடர் செத்தது என்பது கட்டுரையாளரின் கட்சி. நம் ஊர் மெகா தொடர்களைச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் 'ஸ்டார்கேட் எஸ்ஜி-1' என்ற ஆங்கிலத் தொடரையும் இழுத்து, அதில் விலகிப்போன ஒரு முக்கியப் பாத்திரத்தின் இடத்துக்கு வந்த ஜோனஸ் குவினை ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: வேறு கிரகங்களுக்கு நொடியில் கொண்டுபோய் விடும் ஒரு வட்ட வாசல், அதன் வழியே போய்வரும் நால்வர் குழு, அவ்வளவுதான் கதை. 1997 முதல் 2007 வரை பத்து சீசன், 214 எபிசோட் ஓடியது. இவ்வளவு காலம் ஓடினால் யாராவது விலகத்தான் செய்வார்கள்.

கட்டுரையாளர் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிட்டார் என்று நினைக்கிறேன். ஒன்று, பாத்திரம் அப்படியே இருக்க நடிகர் மட்டும் மாறுவது. 'இவருக்குப் பதில் இவர்' என்று திரையில் ஒரு வரி போட்டுவிட்டு, மறுநிமிடமே மருமகள் புது முகத்தோடு காபி கொண்டுவருவாள். இரண்டு நாள் முணுமுணுப்போம், மூன்றாம் நாள் பழகிவிடும். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் வேடங்கள் குடும்பத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகின்றன. பெண் வேடமும் ஆண்கள்தான் கட்டுகிறார்கள். இந்த வருஷம் பிரகலாதனின் தாய் லீலாவதி யார் என்று விசாரிப்பார்களே தவிர, ஆள் மாறிவிட்டதென்று யாரும் எழுந்து போவதில்லை. பிரிட்டனின் 'டாக்டர் ஹூ' தொடரும் இந்த வகைதான். 1966இல் வில்லியம் ஹார்ட்னெல் உடல்நலம் சரியில்லாமல் விலகியபோது, உடம்பையே மாற்றிக்கொள்ளும் வேற்றுக்கிரகவாசி என்று கதைக்குள்ளேயே வழி செய்து பேட்ரிக் ட்ரௌட்டனைக் கொண்டுவந்தார்கள். அந்த வழியில்தான் பிறகு வந்த டாக்டர்கள் எல்லோரும் வந்தார்கள்.

இன்னொரு வகை, பாத்திரமே போய்விட, அந்த இடத்துக்குப் புது மனிதர் ஒருவர் வருவது. இதுதான் கஷ்டம். ஜோனஸ் இந்த வகை.

ஐந்தாவது சீசன் முடிவில், நால்வரில் ஒருவரான டேனியல் ஜாக்சனாக நடித்த மைக்கேல் ஷாங்ஸ் விலகினார். ரசிகர்களுக்கு ஒரே கோபம். இதில் எனக்கு ஒரு வேடிக்கை உண்டு. அந்த டேனியலே ஒரு 'இவருக்குப் பதில் இவர்'தானே! 1994இல் வந்த ஸ்டார்கேட் திரைப்படத்தில் டேனியல், ஜேம்ஸ் ஸ்பேடர். குழுத் தலைவர் கர்னல் ஓநீல், கர்ட் ரஸ்ஸல். ரிச்சர்ட் டீன் ஆண்டர்சனும் ஷாங்ஸும் தொலைக்காட்சிக்கு வந்த மாற்று ஆட்கள். தொடரின் தொடக்கத்தில் ஷாங்ஸ் பேசுவதைக் கவனித்தால் ஸ்பேடரின் சாயல் நன்றாகவே தெரியும். ஒரு வருஷத்தில் அதை உதறிவிட்டு அவர் தன் டேனியலைக் கண்டுபிடித்தார். அதே ஒரு வருஷத்தை ஜோனஸுக்குக் கொடுக்கத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

அப்படியும் எழுதியவர்கள் ஜோனஸ் விஷயத்தில் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். காலியான இடத்துக்கு எங்கிருந்தோ ஓர் ஆளைக் கூட்டிவரவில்லை. இடம் காலியானதிலேயே அவனுக்குப் பங்கு வைத்தார்கள். அவனுடைய நாட்டு விஞ்ஞானிகள் செய்த ஆயுதச் சோதனை கைமீறிப் போகிறது. டேனியல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்து, ஊரைக் காப்பாற்றி, கதிர்வீச்சில் சாகிறான். பழியையும் அவன் மேலேயே போடுகிறது அந்த நாட்டு அரசாங்கம். நடந்ததைக் கண்ணால் பார்த்த ஜோனஸ் முதலில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம்தான் மனசாட்சி உறுத்தி, சொந்த நாட்டுக்குத் துரோகி என்ற பெயரோடு பூமிக்கு ஓடிவருகிறான். டேனியலின் இடத்தில் உட்காரும் ஒவ்வொரு நாளும், அது தன்னால் காலியான இடம் என்பது அவனுக்குத் தெரியும். ஓநீலுக்கும் தெரியும். அதனால் அவர் அவனைச் சேர்க்கவே மாட்டேன் என்கிறார். ரஷ்ய அதிகாரி ஒருவரைக் குழுவில் போடும்படி நெருக்கடி வந்த பிறகுதான், அதற்கு இவனே தேவலை என்று இறங்கிவருகிறார். நாம் அந்தப் பையன்மேல் காட்டிய எரிச்சலை நமக்கு முன்னால் ஓநீலே காட்டிவிடுகிறார். இதைவிட நேர்மையாக ஒரு மாற்று ஆளை எப்படி அறிமுகப்படுத்துவது?

ஜோனஸாக நடித்த கோரின் நெமெக் அதை அடக்கமாகச் செய்தார். எப்போதும் ஒரு சிரிப்பு, கையில் வாழைப்பழம், எதிரே தொலைக்காட்சியில் வானிலைச் செய்தி. ஐப்பசி கார்த்திகையில் இந்தப் பக்கம் எந்த வீட்டுத் திண்ணையில் அவனை உட்காரவைத்தாலும் வெளியூர் ஆள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "அவன் சிரிச்சுக்கிட்டே இருக்கான், அதான் ஒனக்குப் புடிக்குதும்மா" என்கிறான் என் மகன். அவன் மிட்செல் கட்சி.

சரி, மிட்செலுக்கு வருவோம். ஓநீலாக நடித்த ஆண்டர்சன் விலகிய பிறகு, 2005இல் ஒன்பதாவது சீசனில் குழுவுக்குத் தலைமை ஏற்க வந்தவர் கேமரன் மிட்செல், அதாவது பென் ப்ரௌடர். அன்டார்டிகா மேல் நடந்த வான்போரில் இந்தக் குழுவைக் காக்கப் போய் விழுந்து, படுகாயத்திலிருந்து எழுந்தவர். குழுவில் சேர ஆசையோடு வந்து பார்த்தால் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சுகிறார். பழைய குழு திரும்ப வேண்டும் என்று ரசிகர்கள் புலம்பியதையே ஒரு பாத்திரத்தின் வாயில் வைத்த யோசனை அபாரம்தான். ஆனால் குழு சேர்ந்த பிறகு அவருக்கென்று மிச்சம் என்ன? ஓநீலின் குத்தல் பேச்சில் பாதியை அவருக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆள் நல்லவர், சண்டையும் நன்றாகப் போடுகிறார். ஆனால் ஜோனஸைத் துரத்திய அந்தக் கடன்காரன் மாதிரியான மனசாட்சி இவரிடம் இல்லை.

தளத்தின் தலைவர் ஜெனரல் ஹாமண்டுக்குப் பின் வந்த லாண்ட்ரி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போ பிரிட்ஜஸ் நடித்ததால் தப்பித்தார். டாக்டர் ஃப்ரேசர் இறந்த பிறகு வந்த மருத்துவர் யார் என்று கேட்டால் தொடரை முழுதாகப் பார்த்தவர்களே யோசிப்பார்கள். இப்படி வந்தவர்களில் பிழைத்துக்கொண்டது வாலா என்ற பாத்திரம்தான். சமந்தா கார்ட்டராக நடித்த அமாண்டா டாப்பிங் பிரசவ விடுப்பில் இருந்த நேரத்தில் வாலாவாக உள்ளே வந்தவர் கிளாடியா பிளாக். கார்ட்டரைப் போல் அவரை எழுத யாரும் முயலவில்லை. திருட்டுக் கையும் நீளமான நாக்குமாக விட்டுவிட்டார்கள். பத்தாவது சீசனில் நிரந்தரமாகவே உட்கார்ந்துவிட்டார்.

ஜோனஸ் ஒரே சீசனில் போனதைத்தான் கட்டுரையாளர் தோல்விக்குச் சாட்சியாகக் காட்டுகிறார். அந்த ஒரு சீசனிலும் ஷாங்ஸ் சும்மா இருந்தாரா? இறந்தும் இறவாத டேனியலாக மூன்று முறை வந்து தலைகாட்டிவிட்டுப் போனார். பழைய ஆள் அடிக்கடி வாசலில் வந்து நின்றால் புது ஆள் எப்படி ஊன்றுவான்? ஏழாவது சீசனில் ஷாங்ஸ் திரும்பியதும் ஜோனஸ் தன் கிரகத்துக்குப் போய்விட்டான். அப்புறம் ஒரே ஒரு எபிசோடில் வந்ததோடு சரி.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதுவதற்கு முன் கட்டுரையாளர் ஆறாவது சீசனின் 'ஷேடோ ப்ளே' ஒன்றை மட்டுமாவது பார்க்கட்டும். ஜோனஸின் பழைய பேராசிரியர் அவனைத் தேடி வருவார். மிட்செலுக்கு அப்படி ஓர் எபிசோட் இருந்தால் எனக்கும் சொல்லட்டும், மகனிடம் தோற்றுவிட்டதாக ஒப்புக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி