கொட்டுகிற பாலுக்கும் ஒரு கட்டம் போடு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். நீயும் மருமகளும் சின்னவனும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் பேசினால் நீ அவசரத்தில் இருப்பாய், எனக்கும் பாதிப் பேச்சு தொண்டையிலேயே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை படம் பிடித்து உனக்கு அனுப்பித் தருகிறேன் என்றிருக்கிறது.

பத்து மாடு வாங்கிப் பால் பண்ணை போட நீ அனுப்பிய கணக்கைப் பார்த்தேன். தீவனம், வைக்கோல், கரண்ட், கறவைக் கூலி, இன்சூரன்ஸ் எல்லாம் கட்டம் கட்டமாகப் போட்டிருக்கிறாய். மாட்டுக்குப் பத்து லிட்டர், பத்து மாட்டுக்கு நூறு, மாசம் 3,000 லிட்டர், அத்தனையும் சங்கத்துக்கு ஊற்றுவதாக எழுதியிருக்கிறாய். வைத்தியச் செலவும் இருக்கிறது. ஒரு கட்டத்தை மட்டும் காணோம். கொட்டுகிற பால்.

அதைச் சொல்ல வந்தால் போன ஐப்பசியில் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். அம்மாவுக்கே பாதிதான் தெரியும்.

ஒரு வாரம் அடைமழை. கொட்டகைத் தரை சொதசொதவென்று கிடந்தது. கஜா புயலுக்குப் பிறகு போட்ட தரை அது. தண்ணீர் வடிகிற வாட்டம் சரியில்லை என்று கொத்தனாரிடம் அப்போதே சொன்னேன், கேட்டால்தானே. விடியற்காலை கறக்க உட்கார்ந்தால் லெச்சுமி காலை உதறுகிறாள். பின்பக்கம் இடது காம்புப் பக்கம் மடி கல் மாதிரி இறுகி, தொட்டால் சுடுகிறது. பீய்ச்சினால் பால் திரிதிரியாக வருகிறது. மடிநோய். டாக்டரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். இந்த மழையில் யார் வருவார் என்று நானே மருந்துக் கடைக்குப் போய், முன்னே எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டி, கிருமியைக் கொல்லுகிற ஆன்டிபயாடிக் ஊசி மருந்தும் காம்புக்குள் ஏற்றுகிற ட்யூபும் வாங்கி வந்தேன். ஊசி போடத் தெரிந்த பையன் ஒருவன் வந்து போட்டான். மூன்றாம் நாள் வீக்கம் வடிந்தது. சீட்டில் ஐந்து நாள் என்று இருந்ததை நான் மூன்றோடு நிறுத்திவிட்டேன். மிச்ச ட்யூப் அடுத்த தடவைக்கு ஆகும் என்று மாடத்தில் வைத்தேன்.

கெட்டுப்போன காம்பின் பாலை மட்டும் தரையில் பீய்ச்சிவிட்டேன். மற்ற மூன்று காம்பிலும் பால் பார்வைக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று முதல் நாளிலிருந்தே சங்கத்துக்கும் வாடிக்கை வீடுகளுக்கும் ஊற்றினேன். சங்கத்தில் கொழுப்பு பார்ப்பார்கள், தண்ணீர் பார்ப்பார்கள். மருந்து இருக்கிறதா என்று இங்கே யாரும் பார்த்து நான் கண்டதில்லை.

அந்த வாரம்தான் வடக்குத் தெரு டீச்சர் என்னை வாசலில் நிறுத்தி, "மாமா, ரெண்டு நாளா தயிரே உறையலை. தண்ணி கலக்குறீங்களா?" என்று கேட்டது. உள்ளே போய்ப் பாத்திரத்தையே எடுத்து வந்து காட்டியது. ராத்திரி உறை ஊற்றிய பால் விடிந்தும் பாலாகவே கிடந்தது. மேலே ஆடை, கீழே சாய்த்தால் சளசளவென்று ஓடுகிறது. புளித்த வாசனைகூட இல்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. அய்யனார் சத்தியமாக ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை என்றேன். சத்தியம் நிஜம்தான். அதனால்தான் இன்னும் உறுத்துகிறது. உறை மோரில் இருக்கிற கிருமிதான் பாலைத் தயிராக்குகிறது, அந்தக் கிருமியைப் பாலில் இருந்த மருந்து வேலை செய்யவிடவில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. டீச்சர் வீட்டில் நாலு வயசுப் பிள்ளை இருக்கிறது, தம்பி. சின்னவன் வயசு.

கார்த்திகையில் தஞ்சாவூரில் கால்நடைப் பல்கலைக்கழக மையத்தில் ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். மாட்டுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்டால் அது ரத்தத்தில் கலந்து நாலு காம்பிலும் வரும், ஒரு காம்பில் ஏற்றினாலும் நாலு காம்புப் பாலையும் விலக்க வேண்டும் என்றார்கள். கடைசி மருந்து போட்ட பிறகு எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும், பெட்டியிலேயே எழுதியிருக்கும். நான் ஒரு நாளும் படித்ததில்லை. காய்ச்சினால் போய்விடாதா என்று ஒருவர் கேட்டார். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து முழுசாகப் போகாது என்றார்கள்.

அப்புறம் ஒன்று சொன்னார்கள், எனக்கு உடனே நெல்லில் விழுகிற புகையான் பூச்சி ஞாபகம் வந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்து, சாக வேண்டிய பூச்சி சாகாமல் பெருகி, வயலே கருகி உட்கார்ந்ததை நீயே பார்த்திருக்கிறாய். மாட்டுக் கிருமியும் அப்படித்தான். அரைகுறையாகப் போட்டால் தாக்குப் பிடித்தவைதான் மிஞ்சும். பூச்சி செய்யாத ஒன்றையும் கிருமி செய்யும்: தப்பிக்கிற வித்தையைப் பக்கத்தில் இருக்கிற வேறு ஜாதிக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். சாணத்தில் போகும், எருவில் போகும், வாய்க்காலில் போகும். நம் வாய்க்காலில் யார்தான் கால் நனைக்கவில்லை? 2019-இல் மட்டும் உலகம் முழுக்க மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளால் நேரடியாகச் செத்தவர்கள் 12 லட்சத்துக்கு மேல் என்று கணக்கிட்டிருக்கிறார்களாம்.

மாசியில் எனக்கு நீர்க்கடுப்பு வந்து தஞ்சாவூரில் படுத்திருந்தேனே, உன்னிடம் சாதாரணக் காய்ச்சல் என்று சொல்லச் சொன்னேன். மாத்திரை கேட்கவில்லை. எந்த மருந்துக்குக் கிருமி சாகிறது என்று வளர்த்துப் பார்க்கிற கல்ச்சர் தாளை டாக்டர் காட்டினார். மருந்துப் பெயர்கள் வரிசையாக இருக்க, எதிரே ஆர், ஆர், ஆர் என்று வந்துகொண்டே இருந்தது. ஆர் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது என்று அர்த்தம். கீழே இரண்டு மருந்துக்கு மட்டும் எஸ், அதாவது மசியும். ஏழு நாள் ஊசி. நான் மாட்டு விஷயத்தைச் சொல்லி, அதனாலா என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது என்று யாராலும் கை காட்ட முடியாது, நீங்களே தொட்டதற்கெல்லாம் கடையில் மாத்திரை வாங்கிப் பாதியில் விட்டவர்தானே என்றார். அதுவும் சரிதான்.

கடைசியில் கறிக்கோழிக் கொட்டகையும் போடலாம் என்று எழுதியிருக்கிறாய். அது வேண்டாம். குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் கம்பெனி கொடுப்பான், கொட்டகையும் உழைப்பும் நம்முடையது, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. என்ன கலந்த தீவனம் என்று கேட்கிற இடத்தில் நாம் இருக்க மாட்டோம். கோலிஸ்டின் என்று ஒரு மருந்து, வேறு எதுவும் கேட்காதபோது தீவிர சிகிச்சையில் கடைசியாக எடுப்பது. கோழி சீக்கிரம் எடை போட அதைத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில்தான் அரசாங்கம் கால்நடைக்குத் தடை போட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டு வந்தவனுக்கு இதைக் கேட்டால் வயிறு கலங்குகிறது.

மாடு வேண்டாம் என்று சொல்லவில்லை, பயந்துவிடாதே. மடிநோயை வராமலே தடுக்கப் பாதி வழி தரையில் இருக்கிறது. அதனால் சிமெண்டுத் தரைக்கும் வாட்டத்துக்கும் நீ போட்ட தொகையைக் கூட்டு. கறந்ததும் தீவனம் வைத்தால் அரை மணி நேரம் மாடு நிற்கும், அதற்குள் காம்புத் துளை மூடிக்கொள்ளும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50, சுண்ணாம்பு 15 கிராம் அரைத்துத் தண்ணீரில் கரைத்து, மடியைக் கழுவிக் கழுவி ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பூச வேண்டும். தஞ்சாவூர் டாக்டர் புண்ணியமூர்த்தி ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்த முறை. தை மாசம் செவலைக்குச் செய்தேன், ஐந்து நாளில் சரியாகிவிட்டது. அம்மாவுக்குத்தான் அரைத்து அரைத்துக் கை கடுத்தது. அதற்கும் மிஞ்சினால் டாக்டர், அவர் சொன்ன மருந்து, சொன்ன நாள் வரைக்கும்.

அப்படி மருந்து போட்டால் என்ன ஆகும் என்று நானே போட்டுப் பார்த்தேன். ஐந்து நாள் வைத்தியம், பிறகு மூன்று நாள் விலக்கு என்று வை. எட்டு நாள், நாளைக்கு ஒன்பது லிட்டர் என்றால் 72 லிட்டர். லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் 2,520 ரூபாய், ஒரு மாட்டுக்கு, ஒரு தடவைக்கு. அதைக் கன்றுக்கும் ஊட்டக் கூடாது, அதன் வயிற்றுக் கிருமியும் பழகிக்கொள்ளும். பத்து மாட்டில் வருஷத்துக்கு நாலைந்துக்காவது வரும் என்று வைத்துப் போடு. லாபம் குறையும். குறைந்த பிறகும் கட்டுபடியானால் செய்வோம்.

டீச்சரிடம் போன வாரம் சொல்லிவிட்டேன். ஒன்றும் பேசவில்லை, பால் வாங்குவதை நிறுத்தவும் இல்லை.

கணக்கைத் திருத்தி அனுப்பு. பார்த்துவிட்டு மணல் அடிக்கச் சொல்கிறேன். கொத்தனாரை மட்டும் மாற்ற வேண்டும்.

அன்புடன்,
அப்பா